கணிப்பொறியும் காவலும்

விளவங்கோடு வட்டத்தைச் சேர்ந்த அருமனை நான் பிறந்து வளர்ந்த ஊர். ரப்பர்த் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த ஊர் அது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கணிப்பொறிகளோடும், அவற்றை இணைக்கும் வலைப்பின்னல்களோடும், அவற்றைக் காக்கும் பணியோடும் வாழ்ந்துவிட்டு, ஓய்வு பெற்றபின் மீண்டும் அவ்வூருக்கே வந்து சேர்ந்திருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் நீர் கற்றது என்ன என்று யாரேனும் என்னைக் கேட்டால், நான் கணிப்பொறியிலிருந்து தொடங்குவதில்லை. ஒரு புகைப்புரையிலிருந்து தொடங்குவேன்.

என் தந்தையார் ஒரு சிறு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதிவந்தார். விடியற்காலையில் மரங்களில் பால் வெட்டி, சிரட்டைகளில் வடிந்த பாலைச் சேர்த்து வடிகட்டி, தட்டங்களில் ஊற்றி அமிலம் சேர்த்து உறையவைப்பார்கள். உறைந்ததை உருளைகளுக்கிடையே விட்டுத் தகடாக்கி, வெயிலில் காயவிட்டுப் புகைப்புரையில் தொங்கவிடுவார்கள். உள்ளே தொங்கவிட்ட தகடுகளின் எண்ணிக்கையைப் புகைப்புரைக் காவலர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். உருளையிலிருந்து வெளிவந்த தகடுகளின் எண்ணிக்கையை என் தந்தையார் தம் ஏட்டில் எழுதிக்கொள்வார். மாலையில் இருவரும் திண்ணையில் அமர்ந்து இரண்டு ஏடுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒரு தகடு குறைந்தாலும் அன்று வீடு திரும்ப இரவாகிவிடும்.

நான் சிறுவனாயிருந்தபோது, ஒரே எண்ணிக்கையை ஏன் இருவர் எழுதவேண்டும் என்று கேட்டேன். "மக்களே, ஒரு கையில இருக்கது ஓர்மை, ரெண்டு கையில இருந்தாத்தான் கணக்கு" என்று தந்தையார் சொன்னார். எங்கள் பக்கத்தில் நினைவை ஓர்மை என்பது வழக்கு. அவர் சொன்னதன் முழுப் பொருளும் எனக்கு விளங்குவதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 370/155 என்னும் பெருங் கணிப்பொறி நிறுவப்பட்டது. மாணவனாயிருந்த காலத்தில் அதில் ஒரு கணக்கைப் போட்டுப்பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிட்டியது. நம் கட்டளைகளை அட்டைகளில் துளைகளாகப் பொறித்து, அட்டைக் கட்டைச் சாளரத்தின் வழியே கொடுத்துவிட்டு வரவேண்டும். மறுநாள் அச்சிட்ட தாள் வரும். என் தாளில் ஒரே ஒரு வரி இருந்தது. மூன்றாம் அட்டையில் ஒரு காற்புள்ளியை நான் விட்டுவிட்டேன் என்று அது அறிவித்தது. கணிப்பொறி அறிவுடையது என்று எண்ணிச் சென்ற நான், அது சொன்னதை மட்டும் சொன்னபடியே செய்யும் பணியாள் என்று அறிந்து திரும்பினேன். சொன்னவர் யார், சொன்னது தகுமா என்பவற்றை அது தானாகக் கேட்பதில்லை. கணிப்பொறிக் காவல் என்னும் கலை முழுவதும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கிறது.

பின்னர் ஒரு நிறுவனத்தில் பணிக்கு அமர்ந்தேன். அதன் பெயரை இங்கே கூறவேண்டுவதில்லை. ஏனெனில் நான் சொல்லப்போகும் பிழை என்னுடையது. ஊழியர்களின் சம்பளக் கணக்கு கணிப்பொறியில் இருந்தது. அதற்கு ஒவ்வோர் இரவும் காந்த நாடாவில் படி எடுத்து வைப்பது என் பொறுப்பு. நாடாக்களுக்கு நாள் குறித்துச் சீட்டு ஒட்டி, இரும்பு அலமாரியில் ஒழுங்காக அடுக்கிவந்தேன். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். இடையில் இடம் போதாமல் புதிய வட்டு ஒன்று வாங்கிச் சம்பளக் கணக்கை அதற்கு மாற்றினோம். படி எடுக்கும் நிரலுக்கு அந்த மாற்றத்தை நான் தெரிவிக்கவில்லை. அதுவோ, சொன்னதைச் சொன்னபடியே செய்யும் பணியாள். வெற்றிடமாகிவிட்ட பழைய வட்டையே இரவுதோறும் தவறாமல் படி எடுத்துவந்தது.

ஓராண்டு கழிந்தபின் ஒருநாள் புதிய வட்டு பழுதாயிற்று. அலமாரியைத் திறந்து நாடாக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் வெறுமை. அந்த மாதச் சம்பளம் பத்து நாள் தாமதமாயிற்று. கடைநிலை ஊழியர் ஒருவர் என்னிடம் வந்து, தம் மகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் கடந்துவிட்டது என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, வணங்கிக் கேட்டார். அவர் என்னை வைதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எங்களைக் காப்பாற்றியது எது? கணக்குப் பிரிவில் முதியவர் ஒருவர், கணிப்பொறியின்மேல் நம்பிக்கையில்லாமல், சம்பளப் பட்டியல்களை மாதந்தோறும் தாளில் கட்டிவைத்திருந்தார். இரவு பகலாக அவற்றைப் பார்த்து மீண்டும் பதிவு செய்தோம். அன்றுதான் தந்தையாரின் சொல் எனக்கு விளங்கியது. என் நாடாக்கள் இரண்டாவது ஏடாக இருந்தன என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மாலையில் திண்ணையில் அமர்ந்து ஒப்பிட்டுப் பாராத ஏடு, ஏடே அன்று. படி எடுப்பது பாதி வேலை. எடுத்த படியிலிருந்து கணக்கை மீட்டுப் பார்ப்பதே மறுபாதி. அதுமுதல் மாதம் ஒருமுறையேனும் மீட்டுப் பாராத எந்தப் படியையும் நான் படி என்று ஒப்புக்கொண்டதில்லை.

இனி, கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைத்த கதைக்கு வருவோம். அமெரிக்காவில் 1969-ஆம் ஆண்டில் நான்கு கணிப்பொறிகளை இணைத்து ஆர்ப்பாநெட் என்னும் வலைப்பின்னல் தொடங்கியது. அதன் தத்துவம் அஞ்சல் நிலையத்தைப் போன்றது. அனுப்பவேண்டிய செய்தியைச் சிறுசிறு பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின்மேலும் பெறுநர் முகவரியும் அனுப்புநர் முகவரியும் எழுதிவிடுவார்கள். இடையிலுள்ள கணிப்பொறிகள் பெறுநர் முகவரியைப் பார்த்து அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும். சேருமிடத்தில் பொட்டலங்கள் மீண்டும் வரிசையாகக் கோக்கப்படும். ஒரு வழி அடைபட்டால் மற்றொரு வழியே போகலாம். இந்த எளிமையே அதன் பெருமை.

அதன் குறையும் இந்த எளிமையில்தான் அடங்கியிருந்தது. உறையின்மேல் அனுப்புநர் பெயர் என்று எதை எழுதினாலும், அது மெய்தானா என்று அஞ்சல் பிரிப்பவர் ஆராய்வதில்லை. ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள் தமக்குள் கட்டிய வீடு அது. ஆகவே கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. 1988 நவம்பர் 2-ஆம் நாள் ராபர்ட் மாரிஸ் என்னும் மாணவர் தம்மைத் தாமே பெருக்கிக்கொள்ளும் நிரல் ஒன்றை அந்த வலைப்பின்னலில் விட்டார். எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்களையும், கணிப்பொறிகளில் இருந்த சில ஓட்டைகளையும் பயன்படுத்தி அது பரவியது. அப்போது இணைந்திருந்த ஏறத்தாழ 60,000 கணிப்பொறிகளில் சுமார் 6,000 முடங்கியதாக மதிப்பிட்டனர். ஊரெல்லாம் தெரிந்தவர்கள் என்று கதவைத் திறந்துவைத்து உறங்கிய காலம் அன்றோடு முடிந்தது.

நம் நாட்டில் கல்வி நிலையங்களை இணைக்கும் எர்நெட் திட்டம் 1986-இல் தொடங்கியது. பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் வாயிலாக வந்தது. வலைப்பின்னல் வேலைக்கு நான் மாறியதும் அக்காலத்தில்தான். தொலைபேசிக் கம்பியின் வழியே மோடம் கீச்சிட்டு, ஒரு படம் வருவதற்குள் தேநீர் குடித்துவிட்டு வரலாம். இன்று அருமனைச் சந்தையில் மரவள்ளிக்கிழங்கு விற்கும் அம்மையார் கைப்பேசியில் பணம் பெறுகிறார். இந்த மாற்றம் நன்மையே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், முகம் பார்த்துக் கொடுத்து வாங்கிய காலத்தில் தானாகவே நிகழ்ந்த சரிபார்த்தல், இப்போது நாமே முயன்று செய்தாலன்றி நிகழாது. இதை நினைவில் வைக்கவேண்டும்.

கணிப்பொறித் திருட்டைப் பற்றிப் பேசும்போது, திருடர்கள் ஏதோ மாய வித்தை செய்கிறார்கள் என்று பலர் எண்ணுகின்றனர். நான் ஆராய்ந்த வரையில் அவர்கள் முதலில் செய்யும் வேலை ஒன்றுதான். இரண்டாவது ஏட்டை மூடிவிடுவார்கள். இதற்குச் சில சான்றுகள் கூறுகிறேன்.

2016 பிப்ரவரியில் வங்காளதேசத்தின் மைய வங்கியில் ஒரு பெருந்திருட்டு நடந்தது. உலக வங்கிகள் தமக்குள் பணக் கட்டளைகளை அனுப்ப ஸ்விப்ட் என்னும் வலைப்பின்னலைப் பயன்படுத்துகின்றன. திருடர்கள் அந்த வங்கியின் கணிப்பொறிகளுக்குள் நுழைந்து, நியூயார்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து 95 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையை அனுப்பும்படி 35 கட்டளைகள் பிறப்பித்தனர். ஒவ்வொரு கட்டளையையும் தாளில் அச்சிட்டு வைப்பதற்கு வங்கியில் ஓர் அச்சுப்பொறி இருந்தது. அதுவே இரண்டாவது ஏடு. திருடர்களின் தீநிரல் அதை வாய்மூடச் செய்தது. அச்சுப்பொறி பழுது என்று ஊழியர்கள் எண்ணினார்கள்; அது இயல்புதானே? வார விடுமுறையும் சேர்ந்துகொண்டது. பெரும்பாலான கட்டளைகள் இடையில் நிறுத்தப்பட்டபோதிலும் 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. இலங்கைக்குப் போகவிருந்த 2 கோடி டாலர் மீண்டது. 'பவுண்டேஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லில் எழுத்துப் பிழை இருப்பதை இடைப்பட்ட வங்கி ஒன்று கவனித்து, சரிதானா என்று திருப்பிக் கேட்டதே அதற்குக் காரணம். கேட்டது ஒரே ஒரு கேள்வி. மிஞ்சியது 2 கோடி.

அயல்நாட்டுக் கதை என்று இதை ஒதுக்கவேண்டா. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2018 பிப்ரவரியில், நம் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1904-இல் தொடங்கப்பெற்ற சிட்டி யூனியன் வங்கியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஏறத்தாழ 20 லட்சம் டாலர் அளவுக்கு மூன்று பொய்க் கட்டளைகள் ஸ்விப்ட் வழியே வெளியேறின. அங்கும் அச்சுப்பொறி செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. ஆயினும் மறுநாள் காலையில் ஊழியர்கள் வழக்கம்போல் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தனர். தாங்கள் அனுப்பாத மூன்று கட்டளைகள் கண்ணில் பட்டன. உடனே எச்சரிக்கை பறந்தது. நியூயார்க் வழியாகத் துபாய்க்குச் செல்லவிருந்த 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டுத் திரும்பியது. காலையில் ஏடுகளை ஒப்பிடுதல் என்னும் பழைய வழக்கத்தைப் பழைமை என்று எள்ளுவோர் இதை எண்ணிப்பார்க்கவேண்டும்.

இன்னும் அருகில் வருவோம். கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே கடற்கரையோரம் சென்றால் கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது. 2019 அக்டோபர் இறுதியில், அந்நிலையத்தின் கணிப்பொறியில் தீநிரல் புகுந்ததாகச் செய்தி பரவியபோது எங்கள் மாவட்டத்தில் அச்சம் எழுந்தது. என் உறவினர் பலர், உலை வெடித்துவிடுமா என்று என்னைத் தொலைபேசியில் கேட்டனர். முதல் நாள் மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30-இல், செய்தி மெய்யே என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. கணிப்பொறி ஆபத்துகளைக் கவனிக்கும் செர்ட்-இன் என்னும் மைய அரசின் குழு, செப்டம்பர் 4-ஆம் நாளே இதைக் கண்டு தெரிவித்திருந்தது. தீநிரல் புகுந்தது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணிப்பொறியில். உலையை இயக்கும் உள் வலைப்பின்னல் தனியே பிரிக்கப்பட்டிருப்பதால் அதற்கு ஊறில்லை என்று கழகம் கூறியது.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. சமையலறைத் தீ நெற்களஞ்சியத்துக்குப் பரவாதபடி இடையில் வெளி விடுவது போல, முதன்மையான இயந்திரங்களைப் பொது வலைப்பின்னலிலிருந்து பிரித்துவைப்பது நல்ல காவல். ஆனால் அந்த வெளி மட்டும் போதாது. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல், ஈரானின் நடான்ஸ் யுரேனிய நிலையத்தில், இணையத்தோடு இணையாத இயந்திரங்களுக்குள்ளும் புகுந்தது. பென் டிரைவ் போன்ற சிறு கருவிகளின் வழியே பரவும் திறன் அதற்கு இருந்தது. அது இயந்திரங்களைக் கெடுத்துக்கொண்டே, பார்வையாளர்களின் திரையில் எல்லாம் முறையாக இயங்குவது போலக் காட்டிற்று. இங்கும் அதே தந்திரம்தான். திரை ஒன்றே சாட்சியானால், திரையைக் கைப்பற்றியவன் உலகத்தையே கைப்பற்றியவன் ஆகிறான்.

இனி வீட்டுக்கு வருவோம். நீங்கள் வங்கியில் பணம் எடுக்கக் கடவுச்சொல் கொடுத்தபின், உங்கள் கைப்பேசிக்கு ஓ.டி.பி. என்னும் எண் ஒன்று வருகிறதே, அது எதற்காக? கடவுச்சொல் ஒரு வழியில் சென்றது. அதைச் சொன்னவர் நீங்கள்தானா என்று வங்கி மற்றொரு வழியில் கேட்கிறது. அதாவது, புகைப்புரைக் காவலரின் குறிப்பேட்டை அது பார்க்கிறது. அந்த எண்ணைத் தொலைபேசியில் கேட்பவனுக்கு நீங்கள் சொல்லிவிட்டால், இரண்டு ஏடுகளையும் ஒருவன் கையிலேயே கொடுத்துவிடுகிறீர்கள். பிறகு எந்த ஏட்டோடு எதை ஒப்பிடுவது? இவ்வாறே, கைப்பேசியில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. பணம் தருகிறேன், உமது எண்ணை அழுத்தும் என்று ஒருவன் சொன்னால், அவன் தருபவன் அல்லன், எடுப்பவன்.

இந்நாளில் 'டிஜிட்டல் கைது' என்று ஒரு கொடுமை பரவியிருக்கிறது. காவல் அதிகாரிபோல் உடை அணிந்து, கைப்பேசித் திரையில் தோன்றி, உம்மீது வழக்கு உண்டு, வீட்டைவிட்டு நகரக்கூடாது என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் இல்லை. பிரதமர் 2024 அக்டோபர் 27-ஆம் நாள் தம் வானொலி உரையிலேயே இதை நாட்டு மக்களுக்கு எடுத்துரைத்தார். நம் மாவட்டத்தில் ஓய்வு பெற்ற ஒருவர் இவ்வகையில் தம் வாழ்நாள் சேமிப்பை இழந்து என்னிடம் வந்தார். படித்தவர்; பல நூறு மாணவர்களை ஆளாக்கியவர். "தம்பி, அடுத்த அறையில் இருந்த என் மனைவியிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். யாரிடமும் சொல்லக்கூடாது என்றார்கள், நானும் சொல்லவில்லை" என்று கூறி அழுதார். அவரைத் தேற்ற எனக்குச் சொல் கிடைக்கவில்லை. வங்கியில் அச்சுப்பொறியை நிறுத்தினார்கள். இவர் வீட்டில் வாயை நிறுத்தினார்கள். யாரிடமும் சொல்லாதே, உடனே செய் என்னும் இரு சொற்களும் சேர்ந்து வந்தால், எதிரில் நிற்பவன் திருடன் என்று தயங்காமல் கொள்ளலாம்.

அத்தகைய இடர் நேர்ந்தவர்கள் வெட்கப்பட்டு ஒளிந்திருத்தல் கூடாது. 1930 என்னும் எண்ணுக்கு உடனே தொலைபேசியில் தெரிவிக்கவேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்குத் தாவுவதற்கு முன்னே தெரிவித்தால் இடையில் நிறுத்த வழியுண்டு. பொழுது தாழ்ந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். ஏமாந்தது குற்றமன்று, ஏமாற்றியதே குற்றம்.

கடைசியாக, எங்கள் தெருவில் வாழும் ஒரு மூதாட்டியைப் பற்றிக் கூறி முடிக்கிறேன். அவருக்கு எழுத்தறிவு குறைவு. மகன் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறான். ஒருநாள் புதிய எண் ஒன்றிலிருந்து செய்தி வந்தது: கைப்பேசி தொலைந்துவிட்டது, மருத்துவமனையில் இருக்கிறேன், உடனே பணம் அனுப்பவேண்டும் என்று. மகனின் பெயர், அவன் இருக்கும் ஊர், எல்லாம் சரியாகவே இருந்தன. படித்துச் சொன்ன பேரன் அப்போதே பணம் அனுப்ப முற்பட்டான். மூதாட்டி அவனைத் தடுத்து நிறுத்தி, மகனின் பழைய எண்ணுக்குப் பேசச் சொன்னார். மகன் பேசினான். வேலையிடத்தில் நலமாக இருந்தான்.

உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று நான் அவரைக் கேட்டேன். "அதுல சொல்லியிருந்தது எல்லாம் சரியாத்தான் இருந்துது மக்களே. ஆனா சொன்னது அவன்தானான்னு அவன்கிட்ட கேக்கணும்லா?" என்றார்.

நாற்பது ஆண்டுகளில் நான் பல நாடுகளின் வல்லுநர்களோடு பழகியிருக்கிறேன். பல தடித்த நூல்களைப் படித்திருக்கிறேன். அவற்றிலுள்ள முறைகள் யாவும், அந்த மூதாட்டி கேட்ட கேள்வியை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கும் முயற்சிகளே. இயந்திரங்கள் இன்னும் வேகமாகும். குரலையும் முகத்தையும் போலியாகச் செய்யும் கருவிகள் இப்போதே வந்துவிட்டன. வந்தவழி ஒன்றாயின், கேட்கும் வழி மற்றொன்றாய் இருக்கட்டும். மாலை நேரத்தில் திண்ணையில் அமர்ந்து இரண்டு ஏடுகளையும் விரித்துவைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கும்வரை, எந்தத் திருடனும் நம்மை எளிதில் வென்றுவிட முடியாது.